சத்தமும் வேணும், வழியும் கேக்கணும்

விடிந்தால் லடாக் பயணம். பைக்குக்கு எந்தச் சைலன்சர், அதற்குத் தக்கபடி பெட்ரோலைக் கூட்டிக் குறைக்க எந்த டியூனர் என்று இன்னும் முடிவாகவில்லை. ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஞானதுரை, நாகர்கோவில் மெக்கானிக் கடையில் இருப்புக்கொள்ளாமல் நடந்தார்.

"தெருவே அதிரணும்! ஆனா பின்னாடியிருந்து நீ வழி சொன்னா எனக்குக் கேக்கணும். அப்படியொண்ணு எடு பாப்போம்!" என்று மனைவி ரோஸ்லினை அதட்டினார்.

ரோஸ்லின் கல்யாணத்துக்கு முன்பே பைக் ஓட்டியவள். "இருக்கிறதிலேயே முரட்டுச் சைலன்சரையும் அதுக்கேத்த டியூனரையும் மாட்டுங்க தம்பி," என்றாள் மெக்கானிக்கிடம்.

மாட்டியதும் அவளே முன்னால் ஏறி உட்கார்ந்தாள். "வழி எனக்குத் தெரியும், யாரும் சொல்ல வேண்டாம். நீங்க பின்னாடி உக்காந்து சத்தத்தக் கேளுங்க."

பார்வதிபுரம் வரை போய்த் திரும்பினார்கள். ஞானதுரை காதைப் பொத்திக்கொண்டே இறங்கி, "தம்பி, பழைய சைலன்சரே போதும்!" என்று அலறினார்.

"மெதுவாத்தான் சொல்லுங்களேன்," என்றாள் ரோஸ்லின்.

"என்னது?" என்றார் அவர்.