துப்பிய மாத்திரை

பெண்கள் ஓட்டப் பயிற்சி விடுதியில் கோச் ஞானசேகர் வைத்ததுதான் சட்டம். அவர் கொடுக்கும் மஞ்சள் மாத்திரையை விழுங்கினால் முழங்கால் வீங்காது. வீங்கினால் துப்பிவிட்டாள் என்று அர்த்தம். "எங்கேடி துப்பினே?" என்று கேட்டே, முழங்கால் வீங்கிய மரியபுஷ்பத்தை ஊருக்கு அனுப்பிவிட்டார்.

"அடுத்துத் துப்புறவ யாருன்னு நாளைக்குள்ள கண்டுபிடி. இல்லேன்னா உனக்கும் வேலை இல்லை" என்றார், ஐஸ் ஒத்தடம் கொடுக்கும் ராசகிளியிடம்.

"நீங்களும் தினம் ரெண்டு போடுறீங்களே சார். பிள்ளைங்களோட இருபது சுத்து ஓடிக் காட்டுங்க. உங்க கால் வீங்கலேன்னு பார்த்தா, துப்புறவ தானா ஒத்துக்குவா."

வீறாப்பாக ஓடினார். மறுநாள் காலை முழங்கால் வீங்கி, நாற்காலியை விட்டு எழ முடியவில்லை.

ராசகிளி ஐஸை வைத்துக்கொண்டே, பிள்ளைகள் முன்னால் மெதுவாகக் கேட்டாள்: "ஆளைக் கண்டுபிடிச்சிட்டேன். எங்கே சார் துப்பினீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. மரியபுஷ்பத்தின் கட்டில் காலியாகத்தான் கிடந்தது.