ரசத்தில் விழுந்த ஆப்பிள்

மலையடிவாரத்து மடம் அது. அங்கே குருவுக்கு முப்பத்தெட்டு வயது, சீடருக்கு அறுபது. இதில் யாருக்கும் சங்கடம் இல்லை. சீடருக்கு மட்டும் கொஞ்சம் இருந்தது.

சீடர் பெயர் தணிகாசலம். சென்னையில் பெரிய ஹோட்டல்களில் இனிப்புப் பகுதிக்குத் தலைவராக இருந்தவர். பெரிய இடத்துக் கல்யாணம் என்றால் கேக் செய்ய அவரைத்தான் கூப்பிடுவார்கள். அந்தப் பெருமை தலைக்கேறி, வீட்டிலும் வெளியிலும் யாரோடும் ஒத்துப்போக முடியாமல், கடைசியில் அதை இறக்கி வைக்கத்தான் மடத்துக்கு வந்தார். வந்த நாளிலிருந்து பாத்திரம் துலக்குகிறார். துலக்கிக்கொண்டே, காவி எப்போது கிடைக்கும் என்று கேட்கிறார். காவி கொடுத்தால்தான் ஒருவரை மடத்து ஆளாகச் சேர்த்துக்கொண்டதாக அர்த்தம்.

"பார்க்கலாங்க ஐயா," என்பார் குரு ஞானசித்த அடிகள். வயதில் பெரியவர் என்பதால் சீடரை அவர் ஐயா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த மடத்தில் சாப்பாட்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. என்ன பரிமாறினாலும் ஒரே திருவோட்டில் வாங்கிக்கொள்ள வேண்டும். சோறு, குழம்பு, ரசம், மோர், விசேஷ நாளில் பாயசம், எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து சாப்பிட வேண்டும். நாக்கு ருசியைத் தேடிப் போகக் கூடாது என்பதற்காக எப்போதோ வந்த ஏற்பாடு. தணிகாசலம் சாப்பிடும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். அதைப் பக்தி என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

ஒருநாள் திண்டுக்கல் பழ வியாபாரி ஒருவர், வேண்டுதல் பலித்ததென்று இரண்டு பெட்டி ஆப்பிளை இறக்கிவிட்டுப் போனார்.

"ஐயா, இதை வச்சு நாளைக்கு ஏதாவது செய்யுங்களேன்," என்றார் அடிகள்.

தணிகாசலத்தின் கையிலிருந்த குண்டான் நழுவிக் கீழே விழுந்தது.

"நானா சாமி?"

"நீங்கதான்."

"என்ன வேணும்னாலும் செய்யலாமா?"

"உங்களுக்கு எது நல்லா வருமோ அதைச் செய்யுங்க."

மறுநாள் காலையில் அந்த மனிதரைப் பார்க்க வேண்டுமே. முட்டி வலி, இடுப்பு வலி எல்லாம் எங்கே போயிற்றோ. ஆப்பிளைத் தோல் சீவி, ஒரே அளவாக நறுக்கி, வெண்ணெயும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுக் குழையாமல் வதக்கினார். ஆறிய பாலின் மேல் திரண்ட ஆடையைச் சுனைத் தண்ணீரில் குளிரவைத்து, மத்தால் நுரைக்க நுரைக்கக் கடைந்தார். அதில் பட்டை, ஏலக்காய், சாதிக்காய் எல்லாம் பொடித்துப் போட்டார். மாவையும் வெண்ணெயையும் சர்க்கரையையும் விரல் நுனியால் உதிர்த்தார். மடத்தில் ஏது ஓவன். இரும்புச் சட்டியில் அந்த உதிரியைப் பரப்பி, மூடியின் மேல் தணலை அள்ளி வைத்துப் பொன்னிறமாக வறுத்தெடுத்தார்.

ஊருக்குள் இருக்கும் டீக்கடைக்குப் போய்க் கண்ணாடி கிளாஸ்களை இரவல் வாங்கி வந்தார். அடுக்கு வெளியே தெரிய வேண்டுமாம்.

சமையல்கட்டில் ரசம் வைத்துக்கொண்டிருந்த வேலாயுதம் எட்டிப் பார்த்தார்.

"நம்ம ஆளுங்களுக்கு எதுக்குங்க இவ்வளவு?"

"நீங்க உங்க ரசத்தைப் பாருங்க," என்றார் தணிகாசலம். பழைய ஹோட்டல் குரல் அது.

சாப்பாட்டு மணி அடிக்கும் முன் அவர் அடிகளிடம் போனார்.

"சாமி, ஒரு விண்ணப்பம். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் இதைப் பிசைய வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

"நீங்களே சொல்லிப் பாருங்களேன்."

பந்தி உட்கார்ந்தது. திருவோடுகளில் ஏற்கெனவே சோறும் ரசமும் விழுந்திருந்தன. தணிகாசலம் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிளாஸும் ஸ்பூனும் வைத்தார். உதிரியைக் கடைசி நிமிஷத்தில்தான் மேலே தூவினார், நமுத்துப்போகக் கூடாதே. பிறகு பந்தியின் நடுவில் நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடியில ஆப்பிள். நடுவுல வாசனை போட்ட கிரீம். மேல கிரம்பிள்."

"கிரம்பிள்னா?" என்று கேட்டார் சொக்கையா சாமி. மடத்திலேயே மூத்தவர் அவர்தான்.

"மொறுமொறுன்னு உதிரியா இருக்கும் சாமி. ஸ்பூனை மேலேருந்து அடிவரைக்கும் இறக்கணும். மூணும் சேர்ந்து ஒரே வாயில வரணும். அப்பதான் இதோட அருமை தெரியும்."

"மூணும் சேர்ந்துதான் போகணுமா?"

"ஆமாங்க சாமி. தனித்தனியா சாப்பிட்டா பிரயோஜனமே இல்லை."

"அதைத்தானே நாங்க தினமும் செய்யறோம்," என்று சொல்லிவிட்டு, சொக்கையா சாமி கிளாஸை அப்படியே ரசம் சோற்றில் கவிழ்த்தார்.

மூத்தவர் கவிழ்த்த பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா. வரிசையாகக் கிளாஸ்கள் கவிழ்ந்தன. அடிகளும் தன்னுடையதைக் கவிழ்த்து, சோற்றோடு சேர்த்துப் பிசைந்தார்.

இரண்டு கவளம் போனதும் சொக்கையா சாமி நிமிர்ந்தார்.

"ரசம் இன்னைக்குத் தேவாமிர்தம். யார் வச்சது?"

வேலாயுதம் கூச்சத்தோடு நெளிந்தார். எல்லாரும் அவரைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஒருவர் இன்னொரு கரண்டி கேட்டார்.

பந்தி முடிந்து அடிகள் சமையல்கட்டுக்கு வந்தபோது தணிகாசலம் கீழே உட்கார்ந்து துணிகளைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். அழுதிருக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"எங்கே ஐயா கிளம்பிட்டீங்க?"

"ஊருக்கு. எனக்கெல்லாம் காவி கிடைக்காது சாமி. எனக்கே தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுது?"

"பெருமையை விடத்தான் வந்தேன். அது என்னை விடலை. ஒரு கிளாஸ் ரசத்துல கவிழ்ந்ததுக்கு, சொக்கையா சாமி கழுத்தைப் பிடிச்சு நெரிக்கலாம்னு தோணுச்சு."

"நெரிச்சீங்களா?"

"இல்லை சாமி."

"வேற என்ன பண்ணீங்க?"

தணிகாசலம் கொஞ்சம் யோசித்தார். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவான்னு கேட்டேன்."

அடிகள் உள்ளே போனார். திரும்பி வந்தபோது கையில் மடித்த காவி வேட்டி இருந்தது. அதைத் தணிகாசலத்தின் மடியில் வைத்தார்.

"காலையில குளிச்சுட்டுக் கட்டிக்கோங்க."

தணிகாசலம் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். காவியைத் தடவிப் பார்த்தார். பைக்குள் போன துணிகளை மெல்ல வெளியே எடுத்து வைத்தார்.

"இன்னொரு பெட்டி ஆப்பிள் இருக்கு ஐயா. நாளைக்கும் இதையே செஞ்சுடுங்க."

"நாளைக்குமா? நாளைக்கும் ரசத்துலதானே கொட்டுவாங்க?"

"நாளைக்கு ரசம் இல்லை. மோர்க்குழம்பு."

தணிகாசலம் காவியை ஒரு தடவை பார்த்தார், அடிகளை ஒரு தடவை பார்த்தார்.

"அப்போ அதை அடுக்குவானேன் சாமி? எப்படியும் பிசையத்தான் போறாங்க. எல்லாத்தையும் ஒரே குண்டான்ல போட்டுக் கிண்டி வச்சுடறேன். வேலையும் மிச்சம்."

வாசல்வரை போன அடிகள் நின்றார்.

"அடுக்கித்தான் வைக்கணும் ஐயா. இன்னைக்கு என் கிளாஸ்ல கிரீம் இடது பக்கமா சாஞ்சிருந்துச்சு. நாளைக்கு நேரா இருக்கட்டும்."