தூக்கத்தைச் சோதித்தவர்

வேதமாணிக்கத்துக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருக்குக் குருவாக வாய்த்த தாட்சாயணிக்கு முப்பத்து நாலு. லேப்டாப்பில் படம் காட்டும் சிப்பை இயக்குகிற டிரைவர் என்னும் மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் திறந்து திருத்திக்கொள்ளுங்கள் என்று ஊருக்கே கொடுத்தவள் அவள். வேலை இல்லாத நேரத்தில் சிப்பைத் தூங்க வைத்து பேட்டரியை மிச்சம் பிடிக்கும் பகுதி மட்டும் இவர் பொறுப்பு.

அந்தச் சனியன் தூங்கவே மாட்டேன் என்றது. ஆறு மணி நேரம் தாங்க வேண்டிய பேட்டரி ரெண்டு மணி நேரத்தில் படுத்துவிட்டது. மாலை ஐந்துக்குள் சரியாகாவிட்டால், அவருடைய நாலு மாத உழைப்பை நீக்கிவிட்டுத்தான் புதிய பதிப்பு வெளிவரும். இப்போதே மணி நாலு.

"மேடம், என்னால முடியல. ஒரு வரி விடாம பார்த்தாச்சு. இது ஏன்தான் தூங்க மாட்டேங்குது?"

"நீங்க தூங்கி எவ்வளவு நாளாச்சு சார்?"

"ரெண்டு நாள். இப்ப அதுவா முக்கியம்?"

"அந்த பெஞ்சுல கொஞ்சம் படுங்க."

தலை போகிற நேரத்தில் இதென்ன கூத்து என்று பற்றிக்கொண்டு வந்தது அவருக்கு. ஆனாலும் படுத்தார். படுத்ததும் கண் சொக்கியது.

"தூங்கிட்டீங்களா சார்?"

"இல்ல மேடம்."

மறுபடி கண் சொக்கியது.

"சார், தூங்கிட்டீங்களா?"

"இல்லம்மா."

ஐந்தாவது தடவை எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "தூங்கிட்டியா தூங்கிட்டியான்னு உசுப்பிக்கிட்டே இருந்தா மனுஷன் எப்படித் தூங்குவான்? பதில் சொல்லவே முழிக்க வேண்டியிருக்கே!"

தாட்சாயணி லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

அவர் எரிச்சலோடு திரையைப் பார்த்தார். அவர் எழுதிய பகுதிதான் அதில் இருந்தது. சிப் தூங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, நொடிக்கொரு தரம் அதனிடமே சூடு தணிந்ததா என்று கேட்கும்படி அவர்தான் எழுதியிருந்தார். மூன்றே வரி. ஒவ்வொரு தடவையும் பதில் சொல்வதற்காக அது விழித்துக்கொண்டிருந்தது.

அழிக்கப் போன விரல் பாதியில் நின்றது.

"இதை எடுத்துட்டா, அது தூங்குதா இல்லையான்னு எனக்கு எப்படி மேடம் தெரியும்?"

தாட்சாயணி கடிகாரத்தைப் பார்த்தாள். மணி நாலேகால்.

"உங்களுக்குத் தெரியணுமா, அது தூங்கணுமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க சார்."