வடிவு போட்ட ஒரு காபி

ஒரு ஊர்ல ஒரு பேரக்காரி இருந்தா. பேரு செண்பகவடிவு. ஊருக்கே வடிவக்கா.

கண்ண மூடிக்கிட்டுக் கேளுட்டி. ஒரு கதைதான். ரெண்டு வேணும்னு என்கிட்டயே பேரம் பேசப்படாது. நடுவுல நடுவுல 'ம்' சொல்லணும். சத்தம் வரல, கதையை நிறுத்திட்டு எந்திரிச்சுப் போயிருவேன். என்ன?

"ம்."

ஆங். அந்த வடிவுக்கு மார்க்கெட்டுல தக்காளி மொத்த யாவாரம். சின்னப் புள்ளையில தலையில கூடை தூக்குனவ. அப்புறம் தள்ளுவண்டி. அப்புறம் கடை. ஏமாந்து ஏமாந்தே கணக்குப் படிச்சு மேல வந்தவ. அவளுக்குக் கோவம் வந்தா லாரிக்காரன் லாரியைப் பின்னால எடுத்துருவான். பேரம் அதுக்கும் மேல. வெயில் வந்து சுள்ளுன்னு அடிச்சா, "ஏ, கொஞ்சம் கொறைச்சுக்கோ"ன்னுவா. அதுவும் மேகத்துக்குள்ள போயிரும். அப்படி ஒரு பொம்பள.

அவளுக்கு ஒரு அண்ணன். ஆவுடையப்பன். வெளியூர்ல இருந்தான். அவன் ஒருத்தன்கிட்டதான் அவ பேரம் செல்லல.

"ஏன் அத்தே?"

சொல்லுதேன், இரு. காது குத்துதப்ப தாய்மாமன் மடியிலதான புள்ள உக்காரணும்? வடிவோட மூத்த மகளுக்குக் காதுகுத்து. அண்ணன் சீர்த்தட்டோட பஸ்ல வந்துக்கிட்டு இருக்கான். பஸ்ஸு வழியில படுத்துட்டு. இங்க ஆசாரி ஊசியை வச்சுக்கிட்டு, "நேரம் போகுதும்மா, நேரம் போகுதும்மா"ங்கான். வடிவுக்குப் பொறுமை ஏது? பக்கத்துல நின்ன யாரோ ஒரு சொந்தக்காரன் மடியில புள்ளையத் தூக்கி வச்சு, "ம், குத்தும்"னுட்டா. சுருக்! புள்ள வீல்னு கத்துது. அந்த நேரம் பாத்து வாசல்ல அண்ணன் நிக்கான். வேர்த்து ஊத்துது. கையில தட்டு. பாத்தான். தட்டை வாசப்படியில வச்சான். திரும்பி நடந்தான்.

அதோட பேச்சு கிடையாது, வரத்து கிடையாது. வடிவு பேச்சை எவனாவது எடுத்தா எந்திரிச்சுப் போயிருவான்.

அப்புறம் வடிவுக்கு ரெண்டாவது ஒருத்தி பொறந்தா. கோமு. வடிவு சொல்லிட்டா, "எங்கண்ணன் மடி இல்லாம இவ காதுல ஊசி படாது." ஊரே சிரிச்சுது. வருசம் ஓடுது. கோமு பள்ளிக்கூடம் போறா, காது ரெண்டும் மொட்டை. கூடப் படிக்கிறதுக எல்லாம், "மொட்டைக்காதி, ஏ மொட்டைக்காதி"ன்னு கூப்பிடுது.

"பாவம்."

பாவந்தான். நீ 'ம்' மட்டும் சொல்லு.

அப்போ ஊருக்குள்ள ஒரு பொருட்காட்சி வந்துச்சு. வடிவு சும்மா வேடிக்கை பாக்கப் போனா. அங்க ஒரு காபி மிஷின் நிக்கி. அடேயப்பா! பளபளன்னு, மூஞ்சி தெரியுது. தலையில கண்ணாடிக் கிண்ணம். கிண்ணத்துக்கு அடியில குட்டியா ஒரு ஆலை. வறுத்த கொட்டையக் கிண்ணத்துல போட்டா, ஆலை அதை அரைக்கும். பொடி கைப்பிடி வச்ச ஒரு கரண்டியில விழும். மேல இருந்து வென்னியை அமுக்கிப் பீய்ச்சும். கீழ டிக்காஷன் இறங்கும். வடிவுக்கு மனசு போயிட்டு. ஆனா மூஞ்சியில காட்டுவாளா? காட்டமாட்டா. "என்ன இது, தண்ணி மோட்டாரா?"ன்னு கேட்டா.

மொதல்ல விலை. கடைக்காரன் ஒண்ணு சொன்னான். இவ ஒண்ணு சொன்னா. கடைக்காரன் ஸ்டூல்ல உக்காந்துட்டான். அதுலயும் விடாம, வீட்டுல கிடந்த மிக்சியையும் காபி ஃபில்டரையும் கொண்டாந்து, பழசுக்கு எடுத்துக்கோன்னு அவன் தலையில கட்டிட்டா.

அப்புறம் கொட்டை. "கொட்டை இல்லாம இதை நான் கொலுவுலயா வைக்க?"ன்னு ஒரு பை வறுத்த கொட்டையைச் சும்மா வாங்கிட்டா.

மூணாவதா, பொட்டிக்குள்ள அந்தக் கரண்டிக்குப் போடுத குட்டிச் சல்லடை ரெண்டு இருந்துச்சு. கடைக்காரன் நைசா ஒண்ணை எடுத்து வச்சான். "இது உங்களுக்கு வேண்டாம்க்கா. கொட்டை அரைக்கிறவங்களுக்கு இது தேவையே இல்ல."

"தேவையில்லாததை நீ எதுக்குல எடுக்க? போடு உள்ள!"

போட்டான். இந்த மூணாவதை மறந்துராத.

"ம்."

வீட்டுக்கு வந்தா. வந்ததும் என்ன செஞ்சா தெரியுமா? கையில காபிக்கொட்டை இருந்தா கடையில குடுத்து அரைக்கணும். இதுதான அவளுக்குப் பழக்கம்? பையைத் தூக்கிட்டு ஓடுனா காபிப்பொடிக் கடைக்கு. கூலிக்கு அவன்கிட்டயும் மல்லுக்கட்டி, சிக்கரியையும் சும்மா கலந்து, கமகமன்னு பொடியா வாங்கிட்டு வந்துட்டா! தலையில ஆலை வச்சிருக்குத மிஷின் வீட்டுல உக்காந்திருக்கு!

சிரிக்காத. தூக்கம் கலைஞ்சிரும்.

மறுநாள் ஊர்ல ஒரு கல்யாணம். பந்தியில பாத்தா, அண்ணன்! வடிவு கை கழுவுற இடத்துல போயி மறிச்சு நின்னுட்டா.

"எண்ணே, வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இருந்துட்டுப் போ."

"வழி விடு."

"ஒரு நாள்."

"முடியாது."

"ஒரு சாப்பாடு."

"இப்பத்தான சாப்பிட்டேன்!"

"அப்போ ஒரு காபி. ஒரே ஒரு காபி. அதுக்குமா உனக்கு மனசு வரல?"

அவனுக்குச் சுத்திப் பாக்கச் சங்கடம். கை கழுவ வந்த கூட்டமெல்லாம் எச்சிக்கையோட நின்னு இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கு.

"சரி. ஒரு காபி. குடிச்சு முடிச்ச நிமிசம் கிளம்பிருவேன்."

"குடிச்சு முடிக்கிற வரைக்கும் இருப்பியா?"

"இருப்பேன். சொன்னாச் சொன்னதுதான்."

வந்தான். வாசலை ஒட்டி ஒரு நாற்காலியில உக்காந்தான். நல்லா சாஞ்சு உக்காந்தானா? இல்ல. நுனியில. பையை மடியில வச்சு ரெண்டு கையாலயும் கட்டிக்கிட்டான்.

வடிவு அடுப்படிக்குள்ள ஓடுனா. பாலை அடுப்புல வச்சா. பொடியை எடுத்து, மிஷின் தலையில இருந்த கிண்ணத்துல கொட்டுனா. பட்டனை அமுக்குனா.

கர்ர்ர்ர்... கிர்ர்ர்... க்ர்க்... டொக்!

நின்னுட்டு. கொட்டை திங்கிற ஆலைக்குப் பொடியைக் குடுத்தா அது என்ன செய்யும்? பல்லுக்குப் பல்லு பொடி அப்பிக்கிட்டு விக்கிப் போச்சு. வடிவு கரண்ட் ஒயரைப் பிடுங்கிட்டு, கிண்ணத்தைக் கழட்டிக் கவுத்தி, பிரஷ்ஷால நோண்டுதா. வாயில வாரதெல்லாம் உனக்குச் சொல்லப்படாது.

அண்ணன் காத்துக்கிட்டு இருக்கான். எந்திரிச்சுப் போகலாம். ஆனா காபி இன்னும் குடிக்கலையே? தூணுக்குப் பின்னால ஒரு சின்னத் தலை எட்டிப் பாக்குது.

"உம் பேரு என்ன?"

"கோமு. நீங்க யாரு?"

பையை மடியில இருந்து எடுத்துக் கீழ வச்சான்.

அப்போ உள்ள வடிவு யோசிச்சா. 'பொடியத்தான் ஏற்கெனவே அரைச்சாச்சே. இனி ஆலைக்கு என்ன சோலி? நேரா கரண்டியில போட்டா என்ன?' பாத்தியா மூளையை! சரியாத்தான் யோசிச்சா. கரண்டியில சல்லடையைப் போட்டு, பொடியைப் போட்டு, மிஷின்ல மாட்டி, வென்னி பட்டனை மட்டும் அமுக்குனா.

சர்ர்ர்ர்ர்ர்!

ஒரே ஓட்டமா ஓடியாந்துட்டு. கீழ பாத்தா, பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி இருக்கு. ஏன்? அந்தச் சல்லடை முழுக்க ஓட்டை. மிஷின் ஆலை அரைச்சா மாவு மாதிரி அரைக்கும், தண்ணி நின்னு நிதானமா இறங்கும். இது கடைப்பொடி, கொஞ்சம் கொரகொரப்பு. தண்ணிக்கு ரோடு போட்டுக் குடுத்த மாதிரி ஆயிட்டு.

வெளிய அண்ணன் கேக்கான், "ஏம்மா கோமு, காதுல ஏன் ஒண்ணும் போடல?"

"குத்தல."

"ஏன் குத்தல?"

"மாமா வரல."

அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு அவ பாட்டுக்குத் தூணைச் சுத்தி விளையாடப் போயிட்டா. அவன் எந்திரிச்சான்.

"போயிட்டானா?"

போகல. அடுப்படிக்குத்தான் வந்தான். நிலைப்படியில நின்னு, "ஃபில்டர் எங்கட்டி?"ன்னான். இத்தன வருசத்துல அவனா அவகிட்டக் கேட்ட மொதல் கேள்வி.

"பழசுக்குப் போட்டுட்டேன்."

"கூறுகெட்டவளே. சட்டியில பொடியப் போட்டுக் கொதிக்க வச்சுக் குடேன்."

"எங்கண்ணனுக்குச் சட்டிக் காபியா? சும்மா நில்லு!"

இப்போ அவளுக்குக் கோவம் தலைக்கேறிட்டு. வேகமாவா ஓடுத? இருன்னு, கரண்டி நெறயப் பொடியை அள்ளி அள்ளிப் போட்டு, தக்காளிப் பெட்டியை மூடுத மாதிரி உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அமுக்குனா. மாட்டுனா. பட்டனைத் தட்டுனா.

ம்ம்ம்ம்ம்ம்ம்...

மிஷின் முக்குது. மொனங்குது. ஒரு சொட்டு வரல. சிக்கரி தண்ணியக் குடிச்சு உப்பிக்கிட்டு, வழியெல்லாம் அடைச்சுட்டு. வடிவு கைப்பிடியைப் பிடிச்சா.

"ஏட்டி, பொறு! உள்ள அமுக்கம் இருக்கும், உடனே திறக்காத!"

அவளா பொறுப்பா? திருகுனா.

டப்!

நல்லவேளை, சூடு யாரு மேலயும் படல. ஆனா பொடி? செவுத்துல பொடி, வடிவு மூக்குல பொடி, அண்ணன் வெள்ளைச் சட்டையில பொடி. கோமு ஓடியாந்து பாத்துட்டுக் கைதட்டிச் சிரிக்கா. அண்ணன் சிரிக்கல.

"அன்னைக்கும் இப்படித்தான. ஒரு பஸ்ஸு வந்து சேருத வரைக்கும் பொறுத்திருக்கப்படாதா நீ?"

பால் பொங்கி வருது. அதை அணைக்கக்கூட யாருக்கும் தோணல. வடிவுன்னா யாரு? ஒரு அழுகுன தக்காளியைக்கூட விட்டுக் குடுக்காதவ. அவ மூக்குல பொடியோட நின்னுக்கிட்டு, "ஆமாண்ணே. பொறுத்திருக்கணும்"னா.

பேரமே பேசல. கேட்ட விலையை அப்படியே குடுத்துட்டா. நான் எத்தனையோ யாவாரம் பாத்திருக்கேன். இப்படி ஒரு யாவாரம் பாத்தது இல்ல.

அண்ணன் அடுப்பை அணைச்சான். சட்டைக் கையை மடிச்சு விட்டான். "பொட்டியில வேற என்ன இருக்கு? எடு."

எடுத்தா. அந்தக் கடைக்காரன் ஒளிச்சு வைக்கப் பாத்தானே, அந்த ரெண்டாவது சல்லடை! உள்பக்கம் பாத்தா நெறய ஓட்டை. திருப்பிப் பாத்தா ரெண்டாவதா ஒரு அடி, அதுல ஊசிமுனை கணக்கா ஒரே ஒரு ஓட்டை. வடிவு அதை வெளிச்சத்துல தூக்கிப் பாத்தா. "இது ஒத்த ஆளு நுழையுத கேட் மாதிரி. தண்ணி ஓட முடியாது. நின்னுதான் வரணும். அரைச்ச பொடி போடுதவங்களுக்குத்தான் இதைச் செஞ்சிருக்கான். அந்தப் பய இதைத்தான் எடுத்தான் பாரு!"

அந்தப் பேரம் பேசாம விட்டிருந்தா? யோசிச்சுப் பாரு. அதான் சொல்லுதேன், கடையில எதையும் விட்டுட்டு வரப்படாது.

"ம்..."

அப்புறம் பொடியை அளவாப் போட்டா. அண்ணன் விரலால வழிச்சு மட்டம் பண்ணுனான். வடிவு புள்ளை நெத்தியில பொட்டு வைக்கிற அழுத்தத்துல அமுக்குனா. மாட்டுனா. ஆலைப் பக்கமே போகல. வென்னி பட்டன் மட்டும்.

ஸ்ஸ்ஸ்... சொட்டு. சொட்டு. அப்புறம் நூலு கணக்கா, தேன் ஒழுகுத மாதிரி, கருஞ்செவப்பா இறங்குது. மேல பொன்னிறமா ஒரு நொரை. வீடு முழுக்க வாசம். எப்பேர்ப்பட்ட மிஷினு! தப்பாக் குடுத்தா மூணு தரமும் முறைச்சுக்கிட்டு நின்னுச்சு. அது வழிக்குப் போனதும் எப்படி இறங்கி வந்துச்சு பாரு. வடிவு மாதிரியேதான் அதுவும்.

சூடான பாலு, சீனி, டவரா டம்ளர்ல சர்ரு சர்ருன்னு ஆத்தி, வடிவு அண்ணன் கையில குடுத்தா. குடுத்துட்டும் டம்ளர்ல இருந்து கையை எடுக்கல. ஏன்? குடிச்சு முடிச்சா கிளம்பிருவானே! காபி வரலைன்னு அவ்வளவு நேரம் கோவப்பட்டவ, இப்போ காபி வந்துருச்சேன்னு அழுதா.

அவன் குடிச்சான். ஒரு மடக்கு. "ம்"னான். இன்னொரு மடக்கு. "ஏ, நல்லாருக்குட்டி"ன்னான். கோமு அண்ணாந்து அவன் வாயையே பாக்கா. டம்ளர்ல காபி எறங்குது, எறங்குது...

அடியில ஒரு மடக்கு இருக்கும்போது, டம்ளரை நங்குனு அடுப்பு மேடையில வச்சான்.

"குடிச்சு முடிண்ணே. பஸ்ஸுக்கு நேரம் ஆகுதுல்ல?"ன்னா வடிவு, கண்ணைத் தொடச்சுக்கிட்டே.

"நான் இன்னும் குடிச்சு முடிக்கல"ன்னான்.

அவ டம்ளரைப் பாத்தா. அவனைப் பாத்தா.

"குடிச்சு முடிக்கிற வரைக்கும் இருப்பேன்னு சொல்லியிருக்கேன்லா? சொன்னாச் சொன்னதுதான். போயி ஆசாரியைக் கூப்பிடு. நல்ல நாள் கேளு."

ஊருக்கெல்லாம் பேரம் பேசுனவளை, அண்ணன் ஒத்த மடக்குல ஜெயிச்சுட்டான் பாத்தியா!

நல்ல நாள் வார வரைக்கும் அவன் அங்கதான். டம்ளர் மேல ஒரு தட்டைப் போட்டு மூடி, மேடை மேலயே வச்சிருந்தான். காபி காஞ்சு கறையாப் போச்சு. வடிவு கழுவப் போனா, "தொடாத!"ன்னு ஒரு சத்தம். அந்த நாளும் வந்துச்சு. அண்ணன் சம்மணம் போட்டு உக்காந்தான். கோமு மாமா மடியில ஏறி உக்காந்தா. ஆசாரி, "நேரம் போகுதும்மா"ன்னான். வடிவு அவனை ஒரு பார்வை பாத்தா. "எங்கண்ணன் சரியா உக்காந்துக்கிடட்டும். பொறும்."

சுருக். வீல்! அப்புறம் சுருக். அப்புறம் மாமா கோமுவைத் தூக்கி, "எவடி உன்ன மொட்டைக்காதின்னது? காட்டு!"ன்னான்.

ஊருக்குப் போகும்போதும் அந்த டம்ளரைக் கழுவ விடலையாம். "பாக்கி இருக்கு, அடுத்த மாசம் வாரேன்"னு போயிட்டான்.

கேக்கியா?

...

டம்ளரை மூடியாச்சு, மிஷினை அணைச்சாச்சு, கதையோட அடியிலயும் ஒரு மடக்கு நாளைக்கு இருக்கட்டும். தூங்கு.