மொச்சைக்குளத்து அசல் சான்றுகள்

மொச்சைக்குளத்துக்காரர்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதைச் செய்வோம். எங்கள் கெட்ட குணமும் அதேதான்.

பக்கத்து ஊர் பேங்கில் 'வரிசையில் நிற்கவும்' என்று எழுதிப் போட்டிருந்தார்கள். எங்கள் சுடலைக்கண்ணு போன நேரம் அங்கே ஈ, காக்கா இல்லை. ஒற்றை ஆள் எப்படி வரிசையாக நிற்பது? முன்னால் நின்று பார்த்தார், பின்னால் நின்று பார்த்தார், சரிப்படவில்லை. ஊருக்கு வந்து இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போவதற்குள் பேங்கை அடைத்துவிட்டார்கள். "நல்லவேளை, தப்பா நின்னு தொலைக்காம வந்தேன்" என்று அதற்கும் ஒரு சந்தோஷம் அவருக்கு.

அப்பேர்ப்பட்ட ஊரில் நாலு எழுத்து படித்தவள் என்றால் இசக்கிராணிதான். நர்ஸ் படிப்பை முடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்தாள். "சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரை கொடு" என்று டாக்டர் சொன்னால், "எந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு சார்? இவர் ஆயுசுக்கும் சாப்பிடுவாரே" என்று யோசித்துக்கொண்டே நிற்பாள். வாய் விட்டுக் கேட்கமாட்டாள், கூச்சம். பேச வேண்டியதை எல்லாம் முந்தானை நுனியில் முடிந்துவைத்துக்கொள்கிற ரகம்.

பிறகு மந்திரமூர்த்தியைக் கட்டிக்கொண்டாள். வேலையை விட்டாள். பையன் பிறந்தான். வேலாயுதம் என்று பெயர். இன்னும் நடக்கவில்லை, பால்குடியும் மறக்கவில்லை.

அவனை இடுப்பில் வைத்துக்கொண்டேதான் சுகாதார மேற்படிப்புக்கு நுழைவுத் தேர்வு எழுதப் போனாள். 'சரியான விடையை மட்டும் குறிக்கவும்' என்று கேள்வித்தாளில் போட்டிருந்தது. இவள் சரியான விடையை மட்டும் குறித்துவிட்டு, மற்றதை விட்டுவிட்டு வந்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் எல்லாம் தப்பான விடையையும் சேர்த்துக் குறித்து மார்க்கை இழந்துவிட்டார்களாம். இசக்கிராணிக்கு இடம் கிடைத்துவிட்டது.

விதிமுறைப் புத்தகம் தபாலில் வந்தது. அதில் ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் படித்தாள். 'மாணவியர் விடுதியில் தங்கியே படிக்க வேண்டும். விடுதிக்குள் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.' படிக்கவும் வேண்டும், பிள்ளையையும் விட முடியாது. யாரிடம் சொல்வது? அதையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஊருக்கு வேறு வரியில் கவலை. தண்ணி டாங்கிக்கு அடியில் கூட்டம் போட்டார்கள். வார்டு மெம்பர் பூலுடையார், அவளுக்கு மாமா முறை. அவர்தான் சத்தம் போட்டுப் படித்தார்.

"அசல் சான்றுகளை நேரில் கொண்டு வர வேண்டும். நகல்கள் எக்காரணம் கொண்டும் ஏற்கப்படமாட்டா. தவறினால் அந்த இடம் அடுத்தவருக்கு வழங்கப்படும்."

இசக்கிராணி லேமினேஷன் போட்ட கட்டை எடுத்து நீட்டினாள். "எல்லாம் அசல்தான் மாமா."

பூலுடையார் பிறப்புச் சான்றை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல என்னம்மா எழுதியிருக்கு?"

"நான் பிறந்தேன்னு எழுதியிருக்கு மாமா."

"நீ முதல்ல வந்தியா, இந்தப் பேப்பர் முதல்ல வந்துச்சா?"

"நான்தான்."

"அப்போ உன்னையப் பாத்துத்தான இதை எழுதியிருக்கான்?"

"ஆமா."

"ஒண்ணைப் பாத்து எழுதினா அதுக்குப் பேரு என்ன?"

ரிட்டயர் ஆன ஹெட்மாஸ்டர் ஞானமணி சார்தான் எழுந்தார். "பாத்து எழுதினா காப்பி. இதுக்காக எத்தனை பயலுகளை பெஞ்சு மேல ஏத்தியிருக்கேன்!"

இசக்கிராணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு கட்டு காப்பியை அல்லவா கொண்டுபோய் நீட்டியிருப்பாள்! இவ்வளவு படித்தும் நமக்கு இது தோணவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. பிறப்புச் சான்றுக்கு அசல் யார்? பெற்ற தாய் செல்லக்கனி.

"நான் வாரேன்" என்றாள் செல்லக்கனி. "ஆனா இன்னொரு தடவை பெத்துக் காட்டச் சொன்னா என்னால ஆகாது. இப்பவே சொல்லிட்டேன்."

நன்னடத்தைச் சான்றுக்கு ஞானமணி சார். வேலை அனுபவத்துக்கு, அவள் கையால் ஊசி போட்டுக்கொண்ட சுடலைக்கண்ணு. வருமானச் சான்றுக்கு எருமை. வீட்டில் வருமானம் என்று வந்தால் அது ஒன்றிடமிருந்துதான் வரும். இருப்பிடச் சான்றில்தான் கொஞ்சம் இழுத்துவிட்டது.

"வீட்டைத் தூக்க முடியாதே மாமா?" என்றான் மந்திரமூர்த்தி.

"சுவரு வராது. கதவு வரும். கதவுலதான நம்பர் இருக்கு?"

"கதவைக் கழத்திட்டா திருடன் வருவானே?"

"எதைத் திறந்துட்டு வருவான்?"

மந்திரமூர்த்தி கதவைக் கழற்றப் போனான்.

கடைசியில் இடைவெளிச் சான்று. படிப்பை முடித்த பிறகு இத்தனை நாள் ஏன் சும்மா இருந்தாய் என்பதற்குச் சான்று வேண்டுமாம். எல்லாரும் இசக்கிராணியின் மடியைப் பார்த்தார்கள். இடைவெளி அங்கே விரலைச் சப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

லாரி பிடித்தார்கள். உதவாத காப்பிக் கட்டை வீணாக்குவானேன் என்று அதையும் ஏற்றிக்கொண்டார்கள். கதவுப் பலகை லொடலொடவென்று ஆடியது, பிறப்புச் சான்றை மடக்காமல் சந்தில் செருகினார்கள். ஆட்டம் நின்றது. புளிச்சோற்றுச் சட்டிக்கு அடியில் மார்க் ஷீட். எருமைப் பக்கத்து ஈரத்தில் வேட்டி அழுக்காகாமல் இருக்க, நன்னடத்தைச் சான்றின் மேல் ஞானமணி சார் உட்கார்ந்துகொண்டார். டிகிரி சர்டிபிகேட் நல்ல விறைப்பு. செல்லக்கனி பேரனுக்கு அதால் விசிறிக்கொண்டே வந்தாள்.

கல்லூரி வாசலில் வாட்ச்மேன் மறித்தார். "சர்டிபிகேட் பாக்குற இடத்துக்கா? சர்டிபிகேட் மட்டும்தான் உள்ள போகணும். கூட வந்தவங்க வெளியவே நில்லுங்க."

நியாயம்தானே? சர்டிபிகேட் எல்லாம் வரிசையாக உள்ளே போயிற்று. கதவை மாமாவும் சுடலைக்கண்ணுவும் தூக்கிப் போனார்கள். குழந்தை பாட்டியோடு போயிற்று. இசக்கிராணியும் மந்திரமூர்த்தியும் வெளியே நின்றார்கள். உள்ளே அவள் பெயரைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. கூட வந்தவள் எப்படிப் போவது? புடவை நுனியைத் திருகிக்கொண்டே நின்றாள்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் ரெஜினா மேடம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், இடம் காலியானால் ஏறிக்கொள்ள, இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு தம்பி காத்திருந்தான்.

"இசக்கிராணி எங்கே?"

"வெளிய நிக்கா தாயி. அவ கூட வந்தவ" என்றாள் செல்லக்கனி.

மேடம் ஆள் விட்டு அவளைக் கூட்டிவரச் சொன்னார். மந்திரமூர்த்தியும் பின்னாலேயே வந்து சுவரில் சாய்ந்துகொண்டான்.

"பிறப்புச் சான்று?"

"நான்தான்" என்று செல்லக்கனி முன்னால் வந்தாள். "ஐப்பசி மாசம். நல்ல மழை. வலி எடுக்கு, இவ அப்பன் வரப்புல நிக்காரு..."

"அம்மா, எனக்குப் பேப்பர் வேணும்!"

"பேப்பர் பொய் சொல்லும் தாயி. பெத்தவ சொல்லுவனா?"

"இருப்பிடச் சான்று?"

மாமா கதவை நிமிர்த்தி வைத்தார். மேடம் ஒன்றும் புரியாமல் அதில் விரலால் தட்டிப் பார்த்தார்.

"யாரது? உள்ள வாங்க" என்றாள் செல்லக்கனி, பழக்க தோஷத்தில்.

"வருமானம்?"

ஜன்னல் வழியாக எருமை தலையை நீட்டி ஒரு சத்தம் கொடுத்தது. "சாயங்காலம் வரைக்கும் இருந்தீங்கன்னா வருமானத்தைக் கண்ணாலயே பாத்துடலாம் மேடம்" என்றார் மாமா.

"அனுபவச் சான்றாவது இருக்கா?"

சுடலைக்கண்ணு திரும்பி நின்று வேட்டி முடிச்சில் கை வைத்தார்.

"வேண்டாம்! நம்புறேன்!" என்று மேடம் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது அவருக்குச் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "இங்க பாரும்மா இசக்கிராணி. அஞ்சு மணிக்கு இந்த ரூமை அடைச்சுடுவேன். அதுக்குள்ள சர்டிபிகேட் வரலைன்னா உன் சீட்டு இந்தத் தம்பிக்கு. நான் ஒண்ணும் செய்ய முடியாது."

தம்பி நாற்காலியை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டான். இசக்கிராணிக்குக் கண் நிறைந்துவிட்டது. தப்பு எங்கே என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஊரில் உள்ள அசல் எல்லாம் வந்து நிற்கிறது. இதற்கு மேல் அசலுக்கு எங்கே போவது?

அந்த நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. வேலாயுதம் வீறிட்டான். செல்லக்கனி சாவகாசமாக விசிற ஆரம்பித்தாள். அந்தக் காற்று மேடம் முகத்திலும் பட்டது. மேடம் நிமிர்ந்தார். காற்றோடு ஒரு பல்கலைக்கழக முத்திரையும் போவதும் வருவதுமாக இருந்தது.

"கையில என்னம்மா அது?"

"விசிறி தாயி."

மேடம் எழுந்து வந்து அதைப் பிடுங்கினார். "ஐயோ, டிகிரி சர்டிபிகேட்!"

"காப்பிதான். ஆனா காத்து நல்லா வருது."

"மத்ததெல்லாம் எங்கே?"

"மத்ததுல காத்து வராது தாயி."

மேடமே கூட நின்று தேடினார். கதவுச் சந்திலிருந்து பிறப்புச் சான்று வந்தது. லாரியில் சோற்றுச் சட்டியைத் தூக்கினால் மார்க் ஷீட், வட்டமாக எண்ணெய்த் தடத்தோடு. ஒவ்வொன்றாகக் கட்டு சேர்ந்தது. நன்னடத்தைச் சான்றை மட்டும் காணவில்லை. மணி அஞ்சை நெருங்கியது. ஊரே தேடியது. ஞானமணி சாரும் லாரிக்கு அடியில் குனிந்து தேடினார். குனிந்தபோதுதான் அது அவர் வேட்டியின் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

மேடம் கையெழுத்துப் போட்டு, 'சேர்க்கப்பட்டார்' என்று முத்திரை குத்தினார். இஸ்திரிச் சட்டைத் தம்பி எழுந்து போனான்.

"பாவம், படிச்ச பொம்பளை" என்று மாமா சுடலைக்கண்ணு காதில் சொன்னார். "காப்பியை வாங்கி வச்சுக்கிட்டு ஏமாந்துட்டாங்களே."

அதோடு கிளம்பியிருப்பார்கள். மேடம் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அசல் எல்லாம் படிப்பு முடியுற வரைக்கும் இங்கதான் இருக்கும். நடுவுல கேட்டாலும் தர மாட்டோம்" என்றார்.

கதவைத் தூக்கப் போன சுடலைக்கண்ணு அதைக் கீழே வைத்தார்.

"படிப்பு எத்தனை வருஷம் மேடம்?" என்று மாமா கேட்டார்.

"ரெண்டு."

மாமா பெருமூச்சு விட்டார். வயலில் நெல் அறுப்புக்கு நிற்கிறது. ஆனாலும் சட்டம் சட்டம்தானே? "எந்தப் பக்கம் படுக்கட்டும்?" என்று கேட்டார். சுடலைக்கண்ணு பீரோ ஓரமாகத் துண்டை விரித்தார். செல்லக்கனி பீரோவைத் திறந்து உள்ளே கொள்ளுவோமா என்று தோளை அளந்து பார்த்தாள். "ஐப்பசியில பிறந்தது. பழைய சான்றுல்லா, அடித்தட்டுதான் சரி" என்றார் ஞானமணி சார்.

"என்ன பண்றீங்க? எல்லாரும் ஊருக்குக் கிளம்புங்க!"

"நடுவுல கேட்டாலும் தர மாட்டோம்னீங்க. இப்ப நாங்க கேக்காமலே தாறீங்க. இது என்ன சட்டம் மேடம்?" என்றார் மாமா.

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டார். எதிர்வாதம் பண்ணும் தெம்பு அவருக்குப் போய்விட்டது. மொச்சைக்குளத்து வழிக்கே இறங்கி வந்தார். "ஐயா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். அசல் எல்லாம் ஊருக்குப் போங்க. ஏதாவது ஒரு நகலை மட்டும் விட்டுட்டுப் போங்க. எனக்கு அது போதும்."

"நகலா?" எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "நம்மள்ல நகல் யாரு?"

"நான் இல்லப்பா" என்றார் சுடலைக்கண்ணு அவசரமாக.

"எருமை?"

"அது மாதிரி இன்னொண்ணு எங்க இருக்கு?"

மந்திரமூர்த்தி யோசனையில் வாயில் விரலை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். பாட்டி தோளில் வேலாயுதம் வாயில் விரலை வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தான். அதே விரிந்த காது. அதே சப்பை மூக்கு. கீழுதடு தொங்குகிறதுகூட ஒரே அளவு. முதலில் மாமா பார்த்தார், பிறகு செல்லக்கனி, பிறகு எல்லாரும். மேடம்கூடப் பார்த்துவிட்டார்.

"அப்பனை உரிச்சு வச்சிருக்கே!"

"இதைவிட நல்ல நகல் எந்த மிஷின்ல வரும்?"

"ஆனா சான்றொப்பம் இல்லாம நகல் செல்லாது" என்றார் ஞானமணி சார். அவர்தான் ரிட்டயர் ஆனார், அவருடைய பச்சைப் பேனா இன்னும் ஆகவில்லை. தகப்பனையும் பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். காதோடு காது, மூக்கோடு மூக்கு ஒத்துப் பார்த்தார். பிறகு பையனின் உள்ளங்காலில் 'அசலுடன் ஒப்பிடப்பட்டது. சரியாக உள்ளது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பையன் கூச்சத்தில் கக்கக் கக்க என்று சிரித்தான்.

நகலை இசக்கிராணி கையில் கொடுத்துவிட்டு, மற்றவர்களோடு லாரி கிளம்பிப் போயிற்று. மேடம் அறையைப் பூட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போனார்.

இசக்கிராணி பெட்டியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு விடுதிப் படியேறினாள். வாசலில் வார்டன் அம்மா கையை நீட்டி மறித்தார்.

"குழந்தைக்கு அனுமதி இல்லைன்னு விதிமுறையில படிக்கலையா?"

இசக்கிராணி பிள்ளையைச் சேர்த்து அணைத்துக்கொண்டாள். இன்றைக்கு விட்டால் பிள்ளை கைவிட்டுப் போய்விடும். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பையன் காலைத் தூக்கிக் காட்டினாள்.

"குழந்தை இல்ல மேடம். எங்க வீட்டுக்காரரோட நகல்."

வார்டன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளங்காலைப் படித்தார். அந்தம்மாவுக்கு எந்த ஊரோ, எங்கள் ஊரிலிருந்து ரொம்ப தூரம் இருக்காது. பச்சை மை. கையெழுத்து. எல்லாம் முறைப்படி இருந்தது. முகம் கொஞ்சம் தெளிந்தது.

"சரி. ஆனா விடுதிக்கு நகல் ரெண்டு கொடுக்கணுமே. ஒண்ணுதான வச்சிருக்கே?"

இசக்கிராணிக்குக் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது. தலையைக் குனிந்து, முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே சொன்னாள்.

"ஒரு பத்து மாசம் டைம் கொடுங்க மேடம்."