ஆனி பதினேழு

"சாமி, தேய்ச்சு அழிச்ச எழுத்து மறுபடி மொளைக்குமுங்களா?"

அத்தியப்பன் இப்படிக் கேட்டபோது பொட்டல்சாமி வெயிலில் கோவணத்தை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"எங்கே மொளைச்சுது?"

"எங்க மாட்டுக்கொட்டகை வாசல்லீங்க. நிலைக்கு மேல மாக்கல்லுல தேதி வெட்டிப் பதிச்சிருக்குது. சுபகிருது வருசம், ஆனி பதினேழு."

"கொட்டகைக்குப் பால் காய்ச்சின நாளா?"

"காய்ச்ச இருந்த நாளுங்க. நாள்தான் குறிச்சாச்சே, முன்னாடியே வெட்டிரலாம்னு நான்தான் அவசரப்பட்டேன்."

சாமி கோவணத்தைக் கொடியில் போட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு விடியக்காலம் எங்கொழந்தை போயிட்டானுங்க. கைக்கொழந்தை."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னான்.

"மாடு கட்டப் போறப்பவெல்லாம் அந்தத் தேதி தலைக்கு மேல நிக்குது. தாங்க முடியாம அரத்தால தேய்ச்சேன். திரும்ப வந்துருச்சு. மறுபடி தேய்ச்சேன். முன்னைவிட ஆழமா வந்துச்சு. பேய்ங்கறாங்க."

ஊருக்கென்ன, ஒரு பேய் கிடைத்தால் போதும்.

"எஞ்சம்சாரம் பாவாயி பேச்சையே விட்டுட்டா. அவளையும் அது கொண்டுபோயிருமோன்னு பயமா இருக்குதுங்க சாமி."

சாமி எழுந்து அவனோடு நடந்தார்.

பேய்க்குப் பயந்து மாடுகளைக் கொட்டகைக்கு வெளியே கட்டியிருந்தார்கள். நிலைக்கு மேலிருந்த கல் நடுவில் குழிந்திருந்தது. குழியின் அடியில் எழுத்துகள் வெளேரென்று புதிதாகத் தெரிந்தன. சாமி விரலால் தடவிப் பார்த்தார்.

"எழுத்து கோணலா இருக்குதே."

"பேய் என்ன பள்ளிக்கூடமா போச்சுங்க?"

அவர்கள் பேசுவதைக் கேட்டுப் பாவாயி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். சாமி சொம்பை வாங்கவில்லை. அவள் நகக்கண்களைப் பார்த்தார். அவற்றில் வெள்ளை மாவு அப்பியிருந்தது.

"கொழந்தையை எங்கம்மா பொதைச்சீங்க?"

அவள் வாய் திறந்து வெகுநாளாயிற்று. குரல் கரகரத்து வந்தது.

"ஓடைக்கரையிலீங்க. பல்லு மொளைக்காத கொழந்தைக்குக் கல்லு நடற வழக்கமில்லைன்னுட்டாங்க. திதியும் இல்லையாம். ஐப்பசி வெள்ளத்துல அந்த மேடும் கரைஞ்சு போச்சு."

அத்தியப்பன் அவள் விரல்களைப் பார்த்தான். பிறகு கல்லை அண்ணாந்து பார்த்தான்.

"நீயா புள்ளே?"

"உங்களுக்குத் தாங்கலைன்னா தேய்ங்க," என்றாள் பாவாயி. "கல்லு தீர்ற வரைக்கும் நான் வெட்டிக்கிட்டே இருப்பேன்."