துரோகி என்று கட்டப்பட்ட நாய்

மாட்டு வண்டியில் உப்பு மலையேறிய காலத்திலே, பிட்டன் என்றொரு உப்பு வணிகன் இருந்தான். அவனுக்கு வரிசையாக வண்டிகள், வண்டிகளுக்கு முன்னே கருவாயன் என்ற நாய். கருவாயன் குரைத்தால் வண்டிகள் நிற்கும். கருவாயன் நடந்தால் வண்டிகள் நடக்கும். கருவாயன் காவலிருந்தால் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.

அந்த வண்டிக்காரர்களிடம் ஒரு பொல்லாத வழக்கம் இருந்தது. கள்ளருக்கு உடந்தையானது மனிதனானாலும் மிருகமானாலும், கணவாயில் ஒரு மரத்தோடு கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சிறுத்தை நடமாடும் கணவாய் அது. கட்டப்பட்டவர் யாரும் திரும்பி வந்ததில்லை.

கணவாயின் வாசலில் தங்கியிருந்தபோது, ஒருநாள் விடிந்து பார்த்தால் இரண்டு காளைகளைக் காணவில்லை. கருவாயன் குரைக்கவே இல்லை. காவல்காரன் சேந்தன் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னான்.

"ஐயா, களவு போனப்ப இவன் வாயத் தொறக்கல. நீங்க வச்ச சோத்த மோந்துகூடப் பாக்கல, கள்ளனுங்க போட்டதத் தின்னுட்டான். கூப்பிட்டா வராம வண்டிக்கடியில போய் மூஞ்சிய மறைக்கிறான். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

குரைக்கவில்லை, வைத்த சோற்றைத் தின்னவில்லை, ஒளிந்துகொண்டது. மூன்றும் எல்லோரும் கண்ணால் கண்டவை. அதுதான் கொடுமை. நேற்றுவரை நாயைத் தடவிக்கொடுத்தவர்கள் ஒருவர்கூட அதன் பக்கம் பேசவில்லை.

பிட்டனே கயிற்றை எடுத்து நாயை மரத்தில் கட்டினான். கருவாயன் உறுமவில்லை, இழுக்கவில்லை, தலையைக்கூடத் திருப்பவில்லை. பார்த்தீர்களா, குற்றத்தை ஒப்புக்கொள்கிறது என்றார்கள். நாம் ஒன்றை முடிவுகட்டிவிட்டால் எல்லாமே அதற்குச் சாட்சியாகிவிடும், இல்லையா?

பொழுது சாய்வதற்குள் கணவாயைத் தாண்டியாக வேண்டும். மிச்சக் காளைகளைப் பூட்டிவிட்டார்கள். பிட்டனின் மனைவி கோதைக்கும் நாய்மேல் ஆத்திரம்தான். களவு போன காளைகளில் ஒன்று அவள் கன்றிலிருந்து வளர்த்தது. ஆனாலும் சாகப்போகிற உயிருக்கு ஒரு வாய் தண்ணீர் வைக்காமல் போக அவளுக்கு மனம் வரவில்லை.

சட்டியில் தண்ணீர் வைத்தாள். குடித்தது. மறுபடி வைத்தாள். குடித்தது. இன்னும் வைத்தாள். அதையும் ஆவலாகக் குடித்து, குடித்ததை எல்லாம் அங்கேயே வாந்தி எடுத்துவிட்டுச் சரிந்தது.

"இந்தாங்க, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க" என்றாள் கோதை.

"பொழுது போகுதும்மா" என்றான் சேந்தன்.

"போகட்டும். கள்ளன் போட்டதத் தின்னுருந்தா வயிறு நெறஞ்சிருக்கணுமே, சேந்தா. இது ஒட்டிப்போயில்ல கெடக்கு."

முன்வண்டிகள் கணவாய்க்குள் நுழையத் தொடங்கியிருந்தன. சீக்கிரம், சீக்கிரம் என்று ஆட்கள் சத்தம் போட்டார்கள். பிட்டன் சாட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்து குனிந்தான்.

காதைத் தொட்டான், நெருப்பாகச் சுட்டது. உதட்டைத் தூக்கினான், சிவந்திருக்க வேண்டிய ஈறு வெளுத்துக் கிடந்தது. கால்விரல்களை விரித்தான், இடுக்கெல்லாம் ஆமணக்கு விதை போல ரத்தம் குடித்து உப்பிய உண்ணிகள். போன ஊரில் மாட்டுப்பட்டியோரமாக நாயைக் காவலுக்குக் கட்டிப்போட்டவன் அவன்தான். அதற்குப் பிறகு ஒருநாளும் அவன் அதன் உடம்பைத் தடவிப் பார்க்கவில்லை.

குரைக்கத் தெம்பில்லாமல்தான் குரைக்கவில்லை. உண்ணி கொடுத்த காய்ச்சலால்தான் சோறு செல்லவில்லை. உடம்புக்கு முடியாத நாய் ஒதுங்கித்தான் படுக்கும்.

"எந்திரிக்க முடியாததப் போய்க் கயித்துல கட்டினேனே" என்றான் பிட்டன். அவன் போட்ட முடிச்சு இறுகிப்போய் அவிழவில்லை. சேந்தன் கயிற்றை அறுத்தான்.

இரண்டு மூட்டை உப்பை வழியில் இறக்கிப் போட்டு, அந்த இடத்தில் நாயைப் படுக்கவைத்தார்கள். முன்னே குரைக்க ஆளில்லாத கணவாயில், புதர் அசைந்தபோதெல்லாம் மனிதர்களே கத்திக்கொண்டு போனார்கள். மறுபுறம் சேர்ந்ததும் உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். கஞ்சித்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார்கள். பிழைக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை.

பல நாள் கழித்து, ஒரு காலையில் சேந்தன் கஞ்சியோடு வந்தபோது, கருவாயன் தலையைத் தூக்கி அவனைப் பார்த்து மெல்லக் குரைத்தது. சேந்தன் சட்டியைக் கீழே வைத்துவிட்டு அழுதான்.

கேட்டவர்கள் மனதில் வையுங்கள்: வாயில்லாத உயிர் தன் வழக்கம் மாறி நடந்தால், அதனிடம் குற்றத்தைத் தேடுவதற்கு முன்னால் நோயைத் தேட வேண்டும்.